அடிக்கடி வரும் சிறுநீர், அடக்க முடியாத அவசரம்: கோளாறு பையிலா, நரம்பிலா?

2025 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். 3.5 டன்னுக்கு மேற்பட்ட எல்லா சரக்கு வாகனங்களுக்கும் இது பொருந்தும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 டிசம்பரிலேயே இதற்கான அறிவிக்கையை வெளியிட்டுவிட்டது. லாரிக்கு பாடி கட்டுவதிலும் கேஸ் டேங்கர் ஓட்டுவதிலும் பேர்போன நாமக்கல்லுக்கும், லாரி ஊரான சங்ககிரிக்கும், ரிக் வண்டிகளின் ஊரான திருச்செங்கோட்டுக்கும் இது பெரிய செய்தி.

வெயிலில் வெந்தவர்களுக்கு இது நல்ல விஷயம்தான். ஆனால் இதில் யாரும் பேசாத ஒரு பக்கம் இருக்கிறது. உடம்பிலிருந்து வியர்வையாகப் போகும் தண்ணீர் குறைந்தால், அது சிறுநீராகத்தான் போகும். ஏசி கேபினில் உட்காரும் டிரைவருக்கு முன்பைவிட அதிக முறை வண்டியை ஓரங்கட்ட வேண்டியிருக்கும். எங்கே ஓரங்கட்டுவது? அதற்கு எந்த அறிவிக்கையும் விடை சொல்லவில்லை.

சேலம், நாமக்கல் பக்கம் சிறுநீர்ப் பிரச்சினை என்றால் நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: "சூடு புடிச்சிருக்கு." இளநீர், மோர், காலின் பெருவிரலில் விளக்கெண்ணெய். அதில் சரியாகவில்லை என்றால், "வயசாயிடுச்சுல்ல." அதற்குப் பிறகு பேச்சே இல்லை. ஆனால் கடந்த அரை நூற்றாண்டில் சிறுநீர்ப்பை பற்றிய ஆராய்ச்சி வேறு ஒரு கதையைச் சொல்கிறது. அடிக்கடி போவது, அடக்க முடியாமல் கசிவது, முக்கினாலும் வராமல் நிற்பது ஆகியவை பல சமயங்களில் நரம்பும் தசையும் பேசிக்கொள்ளும் பேச்சு எங்கோ அறுந்துபோனதன் அடையாளங்கள். வெளியே தெரியும் தொந்தரவு ஒன்றுபோல இருக்கும். உள்ளே அறுந்த இடம் வேறு வேறாக இருக்கும். அந்த இடம் எது என்று பார்க்காமல் மாத்திரை போட்டால், கடைசியில் விலை கொடுப்பது சிறுநீரகம்.

ஒரு பை, ஒரு பூட்டு, மூன்று நரம்பு

சிறுநீர்ப்பையை வெறும் பலூன் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் சுவர் முழுக்க டிட்ரூசர் என்ற தசை. அடியில் பூட்டு மாதிரி இரண்டு சுருக்குத்தசைகள். உள்ளே இருப்பது தானாக இயங்குவது. வெளியே இருப்பது நம் கட்டுப்பாட்டில் இருப்பது.

இதன் வேலை இரண்டே இரண்டு. சேமிக்கும்போது பை தளர்ந்திருக்க வேண்டும், பூட்டு இறுகியிருக்க வேண்டும். வெளியேற்றும்போது நேர்மாறாக, பை சுருங்க வேண்டும், பூட்டு திறக்க வேண்டும். நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தால் வெளியேற்றும் நேரம் சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் சேமிப்பு.

இதை மூன்று ஜோடி நரம்புகள் நடத்துகின்றன. முதுகெலும்பின் நடுப்பகுதிக்குக் கீழிருந்து வரும் ஹைப்போகாஸ்ட்ரிக் நரம்பு பையைத் தளர்த்தி, கழுத்தை இறுக்குகிறது. தண்டுவடத்தின் வால் முனையிலிருந்து, அதாவது எஸ்2 முதல் எஸ்4 வரையிலான பகுதியிலிருந்து, மற்ற இரண்டும் வருகின்றன. அதில் பெல்விக் நரம்பு பையைச் சுருக்குகிறது. பியூடெண்டல் நரம்பு வெளிப் பூட்டைப் பிடித்துக்கொள்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு "இன்னும் ரெண்டு ஸ்டாப்தான்" என்று நீங்கள் அடக்கும்போது வேலை செய்வது இந்த மூன்றாவது நரம்பு.

இவை மூன்றும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது மூளை. மூளைத் தண்டில் பான்ஸ் என்ற பகுதியில் ஒரு சின்ன மையம் இருக்கிறது. 1925-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர் பாரிங்டன் பூனைகளில் இதை அடையாளம் காட்டினார். பையைச் சுருக்கு, அதே நொடியில் பூட்டைத் திற என்று ஒரே சமயத்தில் இரண்டு உத்தரவையும் அனுப்புவது இந்த மையம். அதற்கு மேலே நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி, "இப்ப வேண்டாம், இடம் சரியில்ல" என்று தடுத்து வைக்கிறது. கைக்குழந்தைக்கு இந்தத் தடுப்பு இன்னும் வளரவில்லை. அதனால்தான் நிரம்பியதும் போய்விடுகிறது.

'நிரம்பிடுச்சு' என்று யார் சொல்வது?

பெரியவர்களின் சிறுநீர்ப்பை சுமார் 400 முதல் 500 மி.லி. வரை தாங்கும். 150 முதல் 250 மி.லி. சேரும்போதே முதல் உணர்வு வரும். அந்த அளவு சேர்ந்துவிட்டது என்று பைக்கு எப்படித் தெரிகிறது என்பது நீண்ட காலம் புரியாமல் இருந்தது.

பையின் உள்பூச்சு வெறும் தோல் இல்லை, அதுவும் ஒரு உணர்கருவி என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. சுவர் நீளும்போது அந்தச் செல்கள் ஏடிபி என்ற வேதிப்பொருளை வெளியிடுகின்றன. பக்கத்தில் இருக்கும் நரம்பு முனைகள் அதைப் பிடித்துக்கொண்டு செய்தியை மேலே அனுப்புகின்றன. 2020-ல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஆர்டெம் பட்டபூட்டியன் குழு இன்னொரு துண்டைக் கண்டுபிடித்தது. பீசோ2 என்ற புரதம், சுவர் இழுபடுவதை நேரடியாக உணர்கிறது. பிறவியிலேயே இந்தப் புரதம் வேலை செய்யாதவர்களில் பலருக்கு 'வருகிறது' என்ற உணர்வே சரியாகக் கிடையாது. கடிகாரத்தைப் பார்த்து நேரத்துக்குப் போய் வருகிறார்கள்.

பட்டபூட்டியன் 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார். அதை அவரோடு பகிர்ந்துகொண்டவர் டேவிட் ஜூலியஸ். மிளகாயின் காரத்தை நம் நரம்பு எப்படி உணர்கிறது என்று கண்டுபிடித்தவர். அந்தக் கார உணர்விக்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. விபத்தைப் பற்றிப் பேசும்போது அது வரும்.

முதல் அறுப்பு: சர்க்கரை

நம் பக்கத்தில் ரொம்பப் பரவலான காரணம் சர்க்கரை நோய். ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது சொன்னது. தமிழ்நாடு தேசிய சராசரிக்கு மேலே இருக்கிறது.

சர்க்கரை சிறுநீர்ப்பையைக் கெடுப்பது இரண்டு கட்டமாக நடக்கிறது என்பது ஃபிரூஸ் தனேஷ்கரி என்ற சிறுநீரக அறுவை நிபுணரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் முன்வைத்த விளக்கம். ரத்தத்தில் சர்க்கரை அதிகமானால் சிறுநீர் அளவு கூடும். பை நாள் முழுக்க அதிக வேலை பார்த்து, சுவர் தடித்து, சும்மா சும்மா சுருங்க ஆரம்பிக்கும். இந்த முதல் கட்டத்தில் 'அடிக்கடி வருது, அவசரமா வருது' என்பதுதான் புகார்.

பல வருடங்கள் கழித்து இரண்டாம் கட்டம். கால் மரத்துப்போவது போலவே பையின் நரம்பும் மரத்துப்போகிறது. நிரம்பியது தெரியாது. தசையும் சோர்ந்துவிடும். போய் வந்த பிறகும் உள்ளே 200, 300 மி.லி. மிச்சம் நிற்கும். மிச்சம் நிற்பதால் பை சீக்கிரம் மறுபடி நிரம்பும். அதனால் மறுபடி அடிக்கடி போவார்கள். சில சமயம் நிரம்பி வழிந்து கசியும்.

கவனியுங்கள். முதல் கட்டத்தில் பை அளவுக்கு மீறி வேலை செய்கிறது. இரண்டாம் கட்டத்தில் வேலையே செய்யவில்லை. ஆனால் வீட்டில் சொல்லும் புகார் இரண்டிலும் ஒன்றேதான்: "ராத்திரி நாலு தடவ எந்திரிக்கிறேன்பா."

இரண்டாவது அறுப்பு: ரோடு

கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 44 நாமக்கல், சேலம் வழியாகத்தான் ஏறுகிறது. சேலத்தைத் தாண்டினால் விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாய். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. உயிர் பிழைப்பவர்கள் கூடியிருக்கிறார்கள் என்றால், முதுகுத் தண்டுவடம் அடிபட்டுப் பிழைப்பவர்களும் அவர்களில் இருப்பார்கள். அவர்களுக்கு 49-வது மணி நேரத்திலிருந்துதான் அடுத்த போராட்டம்.

தண்டுவடம் அறுந்ததும் முதல் சில வாரங்கள் பை அப்படியே செயலிழந்து கிடக்கும். டியூப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதன்பிறகு ஒரு விசித்திரம் நடக்கிறது. மூளையோடு தொடர்பே இல்லாமல் தண்டுவடம் தானாக ஒரு குறுக்கு வழியை உருவாக்கிக்கொள்கிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம் டி குரோட் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். சாதாரணமாக நிரம்பிய செய்தியைக் கொண்டுபோவது ஏ-டெல்டா என்ற வகை நரம்பிழைகள். சி-இழைகள் என்று இன்னொரு வகை பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். தண்டுவடம் அடிபட்ட பிறகு இந்த சி-இழைகள் விழித்துக்கொண்டு, கொஞ்சம் நிரம்பினாலே பையைச் சுருக்கிவிடுகின்றன. இந்த இழைகளில்தான் டேவிட் ஜூலியஸ் கண்டுபிடித்த கார உணர்வி இருக்கிறது. மிளகாயிலிருக்கும் கேப்சைசினை மெதுவாகப் பைக்குள் செலுத்தி, இந்த நரம்பை அடக்க முடியுமா என்று சோதனைகள் நடந்ததும் இதனால்தான்.

பெரிய ஆபத்து அடுத்ததில் இருக்கிறது. 'பை சுருங்கு, பூட்டு திற' என்று சேர்த்து உத்தரவிடும் பான்ஸ் மையத்தோடு இப்போது தொடர்பு இல்லை. அதனால் பை சுருங்கும்போது பூட்டும் சேர்ந்து இறுகுகிறது. கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளிருந்து தள்ளுவது மாதிரி. உள்ளே அழுத்தம் ஏறி, சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்கே திரும்பும். 1981-ல் எட்வர்ட் மெக்வயர் குழு, நரம்புக் குறையோடு பிறந்த குழந்தைகளில் ஆய்வு செய்து ஒரு எல்லையைச் சொன்னது. கசியத் தொடங்கும்போது பைக்குள் அழுத்தம் 40 செ.மீ. நீர் அளவைத் தாண்டியிருந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து அதிகம். இன்றுவரை மருத்துவர்கள் அந்த எண்ணை மனதில் வைத்திருக்கிறார்கள்.

இதில் வலி இருக்காது. அடிபட்டவருக்கு அந்தப் பகுதியில் உணர்வே இல்லை. கசிவதற்கு டயப்பர் போட்டுவிட்டால் 'பிரச்சினை தீர்ந்தது' என்று குடும்பம் நினைத்துக்கொள்ளும். சிறுநீரகம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

டியூப் மாற்றிய வரலாறு

முதல் உலகப்போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் உயிரிழந்தது சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப் புண்ணாலும்தான். நிலைமையை மாற்றியவற்றில் ஒன்று மிக எளிய யோசனை. 1972-ல் மிச்சிகனைச் சேர்ந்த ஜாக் லாபிடஸ், நோயாளியே சில மணி நேரத்துக்கு ஒரு முறை சுத்தமான டியூபை உள்ளே விட்டு, பையைக் காலிசெய்துவிட்டு, டியூபை எடுத்துவிடலாம் என்றார். முழுக்கக் கிருமி நீக்கம் செய்த டியூப்கூட வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும் என்றார். அப்போது பலர் அதிர்ச்சியடைந்தார்கள். அவருடைய வாதம் இதுதான்: தொற்றுக்கு முக்கியக் காரணம் டியூப் இல்லை, பை அளவுக்கு மீறி விரிந்து, சுவரில் ரத்த ஓட்டம் குறைவதுதான். காலம் அவர் பக்கம் நின்றது. நிரந்தரமாக டியூபும் பையும் மாட்டிக்கொண்டு இருப்பதைவிட இந்த முறையில் தொற்று குறைவு, வாழ்க்கையும் சுலபம்.

தமிழ்நாட்டுக்கு இதில் சொந்தக் கதை உண்டு. வேலூர் சிஎம்சியில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களை உள்நோயாளியாக வைத்துப் பயிற்றுவிக்கும் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. நடக்கக் கற்றுக்கொடுப்பது மட்டும் மறுவாழ்வு இல்லை. சிறுநீரைத் தானே கவனித்துக்கொள்ளத் தெரிந்தவரால்தான் வேலைக்குப் போக முடியும், கல்யாணத்துக்குப் போக முடியும்.

டிஸ்க் பிரச்சினை: மணிக்கணக்கில் எண்ண வேண்டியது

பெரிய விபத்தே வேண்டாம். வருடக்கணக்கில் ஸ்டியரிங் பிடித்தவர்களுக்கு இடுப்பு டிஸ்க் பிதுங்குவது சகஜம். பெரும்பாலும் ஓய்விலும் பிசியோதெரபியிலும் சரியாகிவிடும். ஆனால் டிஸ்க் பெரிதாகப் பிதுங்கி, தண்டுவடத்தின் முடிவில் குதிரைவால் போலத் தொங்கும் நரம்புக் கொத்தை அழுத்தினால் அது அவசர நிலை.

அடையாளம் மூன்று. இடுப்பு வலியோடு சிறுநீர் வராமல் நிற்பது, அல்லது போவதே தெரியாமல் இருப்பது. சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போவது. இரண்டு காலிலும் பலம் குறைவது. இதில் எது வந்தாலும், "காலைல பாத்துக்கலாம்" என்று ஊருக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவது தப்பு. இருக்கும் இடத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அறுவை சிகிச்சை தள்ளிப்போனால் பையின் நரம்பு திரும்பாமலே போகலாம்.

ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு விஷப்பரீட்சை

மருந்துகள் வேலை செய்யும் விதம் தெரிந்தால் கடையில் கேட்டு வாங்கிப் போடுவது ஏன் ஆபத்து என்று புரியும்.

பையைச் சுருக்கும் பெல்விக் நரம்பு அசிட்டைல்கோலின் என்ற பொருளைத் தசைமேல் தெளிக்கிறது. ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனாசின் போன்ற மாத்திரைகள் அதைத் தடுக்கின்றன. அளவுக்கு மீறி வேலை செய்யும் பைக்கு இது நல்லது. வாய் வறட்சி, மலச்சிக்கல் வரும். வயதானவர்களுக்கு ஞாபகத் தடுமாற்றமும் வரலாம். சோர்ந்துபோன பைக்கு இதே மாத்திரையைக் கொடுத்தால்? இருக்கும் கொஞ்சநஞ்ச பலமும் போய், சிறுநீர் முழுசாக நின்றுவிடலாம்.

இன்னொரு வழி, பையைத் தளர்த்தும் நரம்பின் பக்கம் சேர்வது. மிராபெக்ரான் என்ற மருந்து பீட்டா-3 என்ற ஏற்பியைத் தூண்டிப் பையைத் தளர்த்துகிறது. ஜப்பானில் 2011-லும் அமெரிக்காவில் 2012-லும் அனுமதி கிடைத்தது. வாய் வறட்சி குறைவு. ஆனால் ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். மாத்திரை கேட்காதவர்களுக்குப் பைச் சுவரில் போடும் போட்டாக்ஸ் ஊசி இருக்கிறது. அமெரிக்காவில் நரம்புக் கோளாறுக்கு 2011-லும், மற்ற அவசரக் கசிவுக்கு 2013-லும் அனுமதி தந்தார்கள். சுருக்கத்துக்குத் தோலில் போடும் அதே மருந்துதான். இடுப்புக்குக் கீழே நரம்புக்கு மெல்லிய மின்தூண்டல் தரும் கருவி 1997 முதல் உண்டு; விலைதான் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

ஆண்களுக்கு வயதானால் புராஸ்டேட் வீங்கிப் பாதையை அடைக்கும். அது அடைப்புப் பிரச்சினை, அதற்கு மருந்து வேறு. பிரசவத்துக்குப் பிறகு இருமினால், தும்மினால் பெண்களுக்குக் கசிவது பெரும்பாலும் இடுப்படித் தசை பலவீனம். அதற்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை, பயிற்சி. 1948-லேயே கெகல் என்ற மருத்துவர் அதை எழுதிவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை உங்கள் அப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

அடக்கி வைத்தால் பை கெட்டுப்போகுமா?

எப்போதாவது ஒரு முறை அடக்குவதால் நல்ல பைக்கு ஒன்றும் ஆகாது. அடக்குவதற்காகவே செய்யப்பட்ட உறுப்பு அது. பிரச்சினை, அடக்குவதையே தொழிலின் ஒரு பகுதியாக்குவது. அப்போது மனிதர்கள் செய்யும் முதல் காரியம் தண்ணீரைக் குறைப்பது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகும். கல்லுக்கும் தொற்றுக்கும் அது வழி. ஏற்கெனவே சர்க்கரை இருப்பவரின் பை, மணிக்கணக்கில் அளவுக்கு மீறி விரிந்தால், சோர்ந்த தசை இன்னும் சோரும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகாமல் குறைந்தது அரை மணி நேர ஓய்வு தரச் சொன்னது. அது பின்னர் 2020-ன் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டது. ஆனால் பழைய சட்டம் பொருந்தியது குறைந்தது ஐந்து பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு. ஒரே ஒரு லாரியைக் கடனில் வாங்கித் தானே ஓட்டும் ஓனர்-டிரைவர் எந்த நாளும் அதற்கு வெளியேதான்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களிலும் இதே கதை. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் 19-ஆம் பிரிவில் ஆண், பெண் இருவருக்கும் தனித்தனிக் கழிப்பறை கேட்டது. வீட்டை ஒட்டிய ஷெட்டில் நாலைந்து பேர் ஓட்டும் தறிகள் அந்தச் சட்டத்தின் கணக்கில் வரவில்லை. அங்கே நாள் முழுக்க நிற்கும் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது சோம்பலால் இல்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தத் தொந்தரவு இருந்தால், செலவில்லாத முதல் வேலை ஒரு நோட்டு. மூன்று நாட்களுக்கு எப்போது போனார், எவ்வளவு போனார், எவ்வளவு குடித்தார், கசிந்ததா என்று எழுத வேண்டும். அளக்க ஒரு பிளாஸ்டிக் மக் போதும். போகும் ஒவ்வொரு முறையும் 100 மி.லி.தான் போகிறாரா, 400 மி.லி. போகிறாரா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நிறையப் போனால் சர்க்கரையையோ, ராத்திரியில் குடிக்கும் டீயையோ, கால் வீக்கத்தையோ பார்க்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் பையைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போயிட்டு வந்த பிறகு உள்ள எவ்வளவு மிச்சம் நிக்குதுன்னு ஸ்கேன்ல பாக்கலாமா?" சாதாரண அல்ட்ராசவுண்டிலேயே ஐந்து நிமிடத்தில் தெரியும். சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தச் சர்க்கரை, கிரியாட்டினின் ஆகியவையும் இதோடு சேர்த்தி. அழுத்தத்தை நேரடியாக அளக்கும் யூரோடைனமிக்ஸ் சோதனை எல்லோருக்கும் வேண்டாம். தண்டுவடம் அடிபட்டவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், முழுசாக நின்றுபோவது, இதெல்லாம் இளநீர் குடித்துக் காத்திருக்கும் விஷயங்கள் இல்லை.

அரசு என்ன செய்யலாம்?

நெடுஞ்சாலைகளில் டிரைவர்களுக்கு உணவு, குடிநீர், கழிப்பறை, ஓய்வு வசதியோடு முதல் கட்டமாக 1,000 கட்டடங்கள் கட்டப்படும் என்று 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். கேபின் ஏசிக்குத் தேதி குறித்தது போல, இதற்கும் எந்தச் சாலையில் எத்தனை, எப்போது என்று பட்டியல் வந்தால்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும். தொப்பூருக்கு முன்னாலும் பின்னாலும் லாரி நிறுத்த இடமும் கழிப்பறையும் இருந்தால், அது விபத்தையும் குறைக்கும்.

மாநில அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அந்தப் பணியாளர்கள் கேட்கும் கேள்விகளோடு, "ராத்திரி எத்தனை தடவ எந்திரிக்கிறீங்க? போன பிறகும் பாக்கி இருக்கற மாதிரி இருக்கா?" என்ற இரண்டையும் சேர்க்கப் பெரிய செலவு ஆகாது. 'ஆமாம்' என்பவர்களுக்கு ஒரு ஸ்கேன். வேலைப்பளு கூடும் என்ற எதிர்வாதம் நியாயமானதுதான். ஆனால் அதே திட்டம்தான் சிறுநீரகம் போனவர்களுக்கு வீட்டிலேயே டயாலிசிஸ் பையும் தருகிறது. எது மலிவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது, விபத்துக்குப் பிந்தைய கவனிப்பு. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லில் 2022 ஜனவரியில் புதிய அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. தண்டுவடம் அடிபட்டவர் டிஸ்சார்ஜ் ஆகும்போது சக்கர நாற்காலியோடு மாதாமாதம் டியூப், அதைப் போட்டுக்கொள்ளும் பயிற்சி, வருடம் ஒரு முறை சிறுநீரக ஸ்கேன் ஆகிய மூன்றும் சொந்த மாவட்டத்திலேயே கிடைக்க வேண்டும். நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை டியூப் போட்டுக்கொள்பவருக்கு, வெளியே போனால் சுத்தமான ஒரு கழிப்பறை வேண்டும். லாரி டிரைவருக்கும் தறிக்காரப் பெண்ணுக்கும் வேண்டியதும் அதேதான்.

இந்த ஆராய்ச்சியின் பெரிய பகுதி இன்னும் ஆய்வகத்தில் இருக்கிறது. பீசோ2-வை வைத்து வரும் மருந்து நாளைக்கே மெடிக்கலில் கிடைக்கப்போவதில்லை. ஆனால் மிச்சச் சிறுநீரை அளக்கும் ஸ்கேன் இன்றைக்கே உங்கள் ஊரில் இருக்கிறது. அப்பா டயப்பர் வாங்கிவரச் சொன்னால், வாங்கிக் கொடுங்கள். கூடவே அந்த ஸ்கேனுக்கும் கூட்டிக்கொண்டு போங்கள்.